பெண் உடலைப் பெண்ணே வரைந்தால் என்ன வித்தியாசம்?

"கோடு கோடுதானே, வரைவது ஆணா பெண்ணா என்பதில் என்ன இருக்கிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள். நிறைய இருக்கிறது. கேரள ஓவியர் டி.கே.பத்மினியின் படங்களை வைத்துச் சொல்கிறேன்.

எனக்குச் சித்தூர். ஆந்திராவில் இருப்பது இல்லை, பாலக்காட்டுச் சித்தூர். வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம். எங்கள் பக்கம் ஆடையில்லாத பெண் உருவம் என்றால் எல்லோருக்கும் மலம்புழா யட்சிதான் நினைவுக்கு வரும். கானாயி குஞ்ஞிராமன் 1969-இல் முடித்த பிரம்மாண்டமான சிற்பம். காலை அகட்டி உட்கார்ந்து, கூந்தலைப் பற்றிக்கொண்டு, முகத்தை மேலே தூக்கியிருப்பாள். அந்தக் காலத்தில் அதை அணைக்கட்டுப் பூங்காவில் வைத்த துணிச்சல் எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் அவள் ஆண் பார்த்து மலைத்துப்போன பெண். நாமும் அண்ணாந்துதான் பார்க்க முடியும்.

பத்மினி 1940-இல் பொன்னானிப் பக்கம் பிறந்தவர். எங்கள் சித்தூர்ப்புழை பாரதப்புழையில் சேர்ந்து கடைசியில் கடலைத் தொடுவது அங்கேதான். படித்தது சென்னை ஓவியக் கல்லூரியில், கே.சி.எஸ்.பணிக்கரிடம். கானாயியும் அதே கல்லூரிதான். யட்சி முடிந்த அதே 1969-இல், மே மாதம், பத்மினி பிரசவத்தில் இறந்துபோனார். முப்பதைத் தொடவில்லை. அதற்குள் 200-க்கும் மேற்பட்ட படங்கள்!

அவர் வரைந்த பெண்களும் நிர்வாணமாக இருக்கிறார்கள். ஆனால் யாருக்காகவும் நிற்பதில்லை. காவும் (தெய்வம் குடியிருக்கும் தோப்பு) மரமும் நிலவும் சூழ்ந்திருக்க, தங்கள் இடத்தில் தாங்கள் இருக்கிறார்கள். இடுப்புக்கும் தோளுக்கும் கனம் இருக்கிறது. கொடியிடை, துவளும் நடை என்று நாம் பாட்டில் கேட்டுப் பழகிய எதுவும் இல்லை. உள்ளேயிருந்து தெரிந்த உடல் அது. மாதவிலக்கு நாளில் அடிவயிறு எப்படிக் கனக்கும் என்று தெரிந்த கை வரைந்தது என்று எனக்குப் படுகிறது. இதை ஒரு ஆணால் கற்பனையே செய்ய முடியாது என்று சொல்லமாட்டேன். ஆனால் பத்மினிக்குக் கற்பனை செய்ய வேண்டிய தேவையே இருக்கவில்லை. வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

அவருடைய கடைசி ஓவியம் என்று சொல்லப்படுவது பட்டம் விடும் பெண்ணைப் பற்றியது. அதை இங்கே விவரிக்கப் போவதில்லை, நீங்களே தேடிப் பாருங்கள்.

இன்றைக்கு வரைகிறவர்களில் ரேகா ரொட்வித்தியாவைப் பாருங்கள். அவர் படங்களிலும் பெண் பெரிய உருவம்தான், சட்டகத்தையே நிறைத்துக்கொண்டு இருப்பாள். ஆனால் யட்சியைப் போல மிரட்டமாட்டாள், தன் வாழ்க்கையைச் சுமந்துகொண்டு நிற்பாள். அப்புறம், எர்ணாகுளம் போனால் தர்பார் ஹால் கலைக்கூடத்தில் லலிதகலா அகாதமிக்காரர்களிடம் பத்மினியின் படங்கள் பார்வைக்கு இருக்கின்றனவா என்று கேளுங்கள். கைபேசியில் பார்த்துவிட்டு முடிவுக்கு வந்துவிடாதீர்கள். கோட்டில் கை எங்கே அழுந்தியது, எங்கே விட்டது என்பது நேரில்தான் தெரியும்.