கறிவேப்பிலைச் செடியும் இரண்டு விதப் பெண்களும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் வீட்டுக் கொல்லையில் கறிவேப்பிலைச் செடியில் இருந்த ஒன்பது புழுக்களை மகள் எடுத்து அட்டைப்பெட்டியில் வைத்து வளர்த்தாள். இரண்டு கறுத்துத் தொங்கிச் செத்துப்போயின. ஏழு பட்டாம்பூச்சிகள் வந்தன. ஐந்து, கருப்புச் சிறகில் வெள்ளைப் பட்டை போட்டவை. மற்ற இரண்டின் பின்சிறகில் நடுவே வெள்ளைத் திட்டும் ஓரத்தில் சிவப்புப் பிறைகளும். வேறு இனம் என்றே நினைத்தேன். "இல்லப்பா, எல்லாம் ஒரே இனம்தான், ஒரு மரபணு செய்யும் வேலை" என்கிறாள். ஒரு மரபணு எப்படி ஒரு சிறகின் முழுக் கோலத்தையும் மாற்றும்? அவள் முதுகலை விலங்கியல் கடைசி ஆண்டு. இந்தத் துறையிலேயே ஆராய்ச்சிக்குப் போகவேண்டும் என்று நிற்கிறாள். நான் பள்ளியில் கணக்கு நடத்துபவன். அந்த வேலையில் அன்றாடம் என்னதான் செய்வார்கள் என்று எனக்குப் புரியும்படி எழுத முடியுமா?

ஒரு வாசகர், கும்பகோணம்

*

அன்புள்ள நண்பருக்கு,

மகள் சொன்னது சரி. அது காமன் மார்மன் என்ற பட்டாம்பூச்சி. தமிழில் கறிவேப்பிலை அழகி என்கிறார்கள். இதன் ஆண் எப்போதும் ஒரே தோற்றம்தான்: கருப்பு, பின்சிறகில் வெளிறிய பட்டை. பெண்ணுக்குத் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மூன்று தோற்றங்கள் உண்டு. ஆணைப் போலவே இருப்பது சைரஸ். உங்கள் வீட்டில் வந்த சிவப்பும் வெள்ளையும் சேர்ந்தது ஸ்டிக்கியஸ். அது காமன் ரோஸ் என்ற நச்சுப் பட்டாம்பூச்சியின் நகல். மூன்றாவது ரோமுலஸ், கிரிம்சன் ரோஸின் நகல். ரோஸ் இரண்டும் ஆடுதீண்டாப்பாளை, ஈஸ்வரமூலி வகைக் கொடிகளைத் தின்று வளர்ந்து அந்த நஞ்சை உடம்பில் வைத்திருப்பவை. ஒருமுறை தின்று பட்ட பறவை மறுபடி தொடாது. நஞ்சே இல்லாத கறிவேப்பிலை அழகி அந்த அச்சத்தில் பங்கு கேட்கிறது. நகல்கள் பெருகினால் பறவைகளுக்கு ருசியானதே அடிக்கடி அகப்படும், ஏமாற்று பலிக்காது. சைரஸ் அழிந்துபோகாமல் இருப்பதற்கு இது ஒரு காரணம்.

நீங்கள் கணக்காசிரியர் என்பதால் அந்த ஏழிலிருந்தே தொடங்குகிறேன். கருப்பு வெள்ளையாக வந்த ஐந்தும் ஆண்களா, சைரஸ் பெண்களும் உண்டா? வயிற்றின் நுனியைப் பார்த்தால்தான் தெரியும். ஆணுக்கு அங்கே இரண்டு பற்றுத் தகடுகள் இருக்கும். இன்னொன்று, ஒரே செடியில் இருந்தவை என்பதால் ஒரு தாய்ப் பிள்ளைகள் என்று எடுத்துக்கொள்ள முடியாது. இந்த இனம் முட்டையை ஒவ்வொன்றாக இட்டுப் பறந்துவிடும். ஒரு செடிக்கு ஒரே நாளில் மூன்று தாய்கள் வந்திருக்கலாம். மரபுக் கணக்குப் போட வேண்டுமானால் ஒரு பெண்ணை மட்டும் வலைக்கூண்டுக்குள் செடியோடு விட்டு, அதன் முட்டைகளைத் தனியே எடுக்க வேண்டும்.

போலித்தோற்றம் தரும் மரபணு வடிவத்தை H என்றும் மற்றதை h என்றும் வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு பூச்சியிடமும் தாய் தந்தது ஒன்று, தந்தை தந்தது ஒன்று என இரண்டு இருக்கும். H ஓங்கியது. பெண்ணிடம் ஒரு H இருந்தாலே நகல் தோற்றம் வந்துவிடும். ஆணிடம் இரண்டு H இருந்தாலும் வெளியே ஒன்றும் தெரியாது. அடுத்த தலைமுறைக்கு மட்டும் கடத்துவான். வேலையின் சிரமம் எல்லாம் இங்கேதான். ஓர் ஆணிடம் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்க அவனை hh பெண்ணோடு, அதாவது சைரஸோடு சேர்க்க வேண்டும். மகள்கள் எல்லாரும் நகல் என்றால் அவன் HH. பாதிக்குப் பாதி என்றால் Hh. ஒன்றுகூட இல்லை என்றால் hh. அவன் Hh ஆக இருந்தும் வரிசையாக ஏழு மகள்கள் சைரஸாக வர 128-ல் ஒரு வாய்ப்புதான். ஆகவே ஏழு மகள்களைப் பார்த்துவிட்டால் hh என்று துணிந்து எழுதலாம். ஆனால் 1:1 விகிதமா, பெற்றோர் இருவரும் Hh என்றால் வரும் 3:1 விகிதமா என்று பிரிக்க ஏழு போதாது, இருபதும் போதாது. இருபது மகள்களில் 13 நகல், 7 சைரஸ் என்று வந்தால் அது இரண்டு விகிதத்துக்கும் பொருந்தும். ஒரு தாய்க்கு நாற்பது மகள்கள் வேண்டுமென்றால் எண்பது புழுக்களைச் சாகாமல் வளர்த்தெடுக்க வேண்டும்.

மூன்று பெண் தோற்றங்களும் ஒரே இனம் என்று 1865-ல் எழுதியவர் ஆல்ஃபிரட் ரஸல் வாலஸ். இலங்கையில் தலைமுறை தலைமுறையாக வளர்த்துக் கணக்கெடுத்து, ஆண்கள் வெளிக்காட்டாமல் கடத்துகிறார்கள் என்று 1913-ல் காட்டியவர் ஜே. சி. எஃப். ஃப்ரையர். பிறகு லிவர்பூலில் சிரில் கிளார்க்கும் ஃபிலிப் ஷெப்பர்டும் 1972-ல் பெரிய அளவில் கலப்புகள் செய்து, இந்தத் தோற்றங்களை எல்லாம் தீர்மானிப்பது குரோமோசோமில் ஒரே இடம்தான் என்றார்கள். கிளார்க் தொழில்முறை மருத்துவர். பட்டாம்பூச்சிகளில் நெருங்கிப் பிணைந்த மரபணுக்களைப் பற்றி யோசித்ததுதான் அவரை ரீசஸ் (ஆர்.எச்.) இரத்தவகைப் பக்கம் திருப்பியது. ஆர்.எச். நெகடிவ் தாய்மார்களுக்குப் பிரசவத்தை ஒட்டிப் போடும் ஆன்டி-டி ஊசியை உருவாக்கிய குழுக்களில் ஒன்று அவருடையது. பட்டாம்பூச்சி ஆராய்ச்சியால் என்ன பயன் என்று யாராவது மகளிடம் கேட்டால் இதைச் சொல்லச் சொல்லுங்கள்.

இப்போது உங்கள் கேள்வி. பல மரபணுக்கள் பக்கத்துப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு ஒரே மூட்டையாகக் கடத்தப்படுகின்றன, ஒன்று பட்டைக்கு, ஒன்று சிவப்புக்கு, ஒன்று வடிவத்துக்கு என்றுதான் முன்பு எல்லாரும் நினைத்தார்கள். 2014-ல் கிருஷ்ணமேக் குண்டே, மார்கஸ் குரோன்ஃபோர்ஸ்ட் குழுவினர் அந்த இடத்தைத் தேடிப்போய் அடைந்தது டபுள்செக்ஸ் என்ற மரபணுவை. பூச்சிகளில் ஆண் உடல், பெண் உடல் என்ற வேறுபாட்டை உண்டாக்குவதே அதுதான். 2015-ல் ஹருஹிகோ ஃபுஜிவாராவின் டோக்கியோ குழு, H வடிவத்தில் ஏறத்தாழ 1,30,000 எழுத்து நீளமுள்ள டி.என்.ஏ. துண்டு தலைகீழாகத் திரும்பியிருப்பதைக் காட்டியது. நேராக இருக்கும் துண்டும் திரும்பிய துண்டும் ஒழுங்காக ஜோடி சேராது. அதனால் இரண்டும் தமக்குள் துண்டுகளைப் பரிமாறிக்கொள்ளும் குறுக்கு மாற்றம் நடப்பதில்லை. H-இல் சேர்ந்த மாற்றங்கள் கலைந்துபோகாமல் ஒன்றாகவே நிற்கின்றன.

டபுள்செக்ஸ் தானே கோலம் போடுவதில்லை. கூட்டுப்புழுவுக்குள் சிறகு உருவாகும்போது ஒவ்வொரு செதிலும் எந்த நிறமியை எடுப்பது என்று முடிவாகிறது. H வடிவம் பெண்ணின் சிறகில் ஓங்கி இயங்கி, சில இடங்களில் சிவப்பையும் கருப்பையும் தரும் மரபணுக்களைத் திறந்துவிடுகிறது, வழக்கமான வெளிர்மஞ்சளை அடைத்துவிடுகிறது. ஆணின் பட்டையும் ஸ்டிக்கியஸின் திட்டும் நம் கண்ணுக்கு வெள்ளைபோலத் தெரிந்தாலும் வேதியியலில் வேறு வேறு. செத்த சிறகுகளை இருட்டில் வைத்துப் புற ஊதா டார்ச் அடித்துப் பாருங்கள்: ஆணின் பட்டை ஒளிரும், நகல் பெண்ணின் திட்டு ஒளிராது. டோக்கியோ குழு நகல் பெண்ணின் கூட்டுப்புழுப் பருவத்தில் ஒரு பக்கச் சிறகில் மட்டும் H-இலிருந்து வெளிவரும் செய்தியான ஆர்.என்.ஏ.வை அணைத்தது. அந்தப் பக்கம் சைரஸின் சாயலுக்குப் போயிற்று, மறுபக்கம் அப்படியே நின்றது. ஒரே பூச்சியில் ஒப்பிடும் பக்கமும் சேர்ந்தே கிடைப்பதால் இந்தச் சான்றை மறுப்பது கடினம். தலைகீழ்த் திருப்பம் இருந்தே ஆகவேண்டும் என்பதும் இல்லை. உறவினமான கிரேட் மார்மனிலும் டபுள்செக்ஸ்தான் இதைச் செய்கிறது. அங்கே திருப்பமே கிடையாது.

அன்றாட வேலை என்று கேட்டீர்கள். முதல் வேலை செடி வளர்ப்பது. கடையில் வாங்கும் கறிவேப்பிலையில் பூச்சிமருந்து இருக்கும். கழுவினாலும் புழு சாகும். மருந்தே படாத எலுமிச்சை, நாரத்தை, கறிவேப்பிலைத் தொட்டிகள் ஆராய்ச்சி தொடங்குவதற்குப் பல மாதம் முன்பே தயாராக இருக்க வேண்டும். முட்டை ஏறக்குறைய 3 நாளில் பொரியும், புழுப் பருவம் இரண்டு வாரத்தை ஒட்டி, கூடு பத்துப் பன்னிரண்டு நாள். மாதம் ஒரு தலைமுறை. கடைசிப் பருவத்துப் புழு முந்தைய நான்கு பருவங்களில் தின்றதையெல்லாம் சேர்த்ததைவிடக் கூடத் தின்னும். செடிக் கணக்கு தவறுவது அங்கேதான்.

உங்கள் வீட்டில் கறுத்துத் தொங்கிச் செத்த இரண்டும் வைரஸ் நோயாக இருக்க வாய்ப்பு அதிகம். உடல் கூழாகித் தலைகீழாகத் தொங்கும். அந்தக் கூழ் இலையில் பட்டால் மற்றவையும் போகும். அட்டைப்பெட்டி ஈரத்தை இழுத்துக்கொள்ளும், கழுவவும் முடியாது. பிளாஸ்டிக் டப்பா, ஒன்றுக்கு இரண்டு மூன்று புழு, அடியில் தாள், தினமும் எச்சம் அகற்றல், காலியானதும் பிளீச்சிங் நீரில் கழுவிக் காயவைத்தல். இதைத் தீபாவளியன்றும் பொங்கலன்றும் செய்ய வேண்டும். வெளியில் எடுத்த புழு என்றால் ஒட்டுண்ணி ஈயும் குளவியும் முன்பே முட்டை வைத்திருக்கலாம். ஆகவே முட்டையாக எடுப்பதே நல்லது. அதிலும் மிகச்சிறு குளவிகள் புகுந்திருக்கலாம். பட்டாம்பூச்சி முட்டை முழுக்கக் கறுத்து, நாளாகியும் பொரியாமல் இருந்தால் சந்தேகப்படுங்கள்.

கூண்டில் அவை தாமாக இணைய மறுத்தால் கையால் சேர்க்க வேண்டும். கிளார்க்கும் ஷெப்பர்டும் 1956-லேயே எழுதிவைத்த முறை இது. அன்று வெளிவந்து சிறகு காய்ந்த பெண், இரண்டு மூன்று நாள் தேன்நீர் குடித்த ஆண். சிறகுகளை மடக்கிப் பிடித்து, ஆணின் வயிற்று நுனியைப் பக்கவாட்டில் மெல்ல அழுத்தினால் பற்றுத் தகடுகள் விரியும். பெண்ணின் நுனியைக் குறுக்காகக் கொண்டுவந்து தொடச் செய்தால் பற்றிக்கொள்ளும். பிறகு வலையில் தொங்கவிட்டு அசைக்காமல் விட வேண்டும். நேற்று வந்த ஆணை அவசரப்பட்டுப் பயன்படுத்துவதுதான் புதியவர்கள் செய்யும் தவறு.

மரபணுவைச் சிதைத்துப் பார்க்கும் கிரிஸ்பர் வேலைக்கு, இட்டு ஓரிரு மணி நேரத்துக்குள் முட்டையை எடுத்தாக வேண்டும். கருவின் உட்கருக்கள் பெருகத் தொடங்குமுன் ஊசி போட்டால் சிறகில் பெரிய திட்டாக மாற்றம் தெரியும். தாமதித்தால் சில செதில்கள் மட்டும் மாறும். உயிருக்கு இன்றியமையாத மரபணு என்றால் கதை மாறும்: பெரிய திட்டு என்றால் புழுவே பிழைக்காது, வேண்டுமென்றே தாமதிக்க வேண்டும். கண்ணாடி ஊசியின் முனை ஓட்டில் பட்டு உடைவதும், துளை வழியே சாறு கசிந்து முட்டை வற்றுவதும் அன்றாடம் நடப்பவை. பிழைத்து வருவதும் கலவை உடல்தான். இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று.

கிரிஸ்பரை வைத்துத் தவறான முடிவுக்கு எப்படிப் போகலாம் என்பதை மகள் இப்போதே தெரிந்துகொள்ள வேண்டும். தென், மத்திய அமெரிக்காவின் ஹெலிகோனியஸ் பட்டாம்பூச்சிகளிலும், இங்கிலாந்தின் தொழிற்புரட்சிக் காலத்தில் கறுத்த பெப்பர்டு அந்துப்பூச்சியிலும் நிறத்தை மாற்றுவது கார்டெக்ஸ் என்ற மரபணு என்று 2016-ல் ஒரே இதழில் இரண்டு கட்டுரைகள் வந்தன. இடம் சரி. பிறகு கார்டெக்ஸைக் கிரிஸ்பரால் வெட்டியபோது நிறமும் மாறியது. எல்லாரும் நிறைவடைந்தார்கள். 2024-ல் வேறொன்று தெரிந்தது. கார்டெக்ஸின் புரதத்தை மட்டும் துல்லியமாக நீக்கிய பூச்சிகளில் நிறம் மாறவில்லை. பக்கத்திலேயே புரதம் எதையும் தராத ஐவரி என்ற நீள ஆர்.என்.ஏ. இருக்கிறது, அதே இடத்திலிருந்து மிர்-193 என்ற சிறு ஆர்.என்.ஏ.வும் வருகிறது. கருப்பைக் கொண்டுவருவது இந்த மிர்-193தான் என்று சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் அன்டோனியா மான்டீரோவின் குழு காட்டியது. பழைய வெட்டுகளில் சில, நினைத்ததைவிடப் பெரிதாகிப் பக்கத்து வீட்டையும் இடித்திருக்கின்றன. மரபணு வரைபடம் தருவது தெருவின் பெயரை மட்டும். கதவு எண்ணை ஒவ்வொரு வீடாகத் தட்டித்தான் அறிய வேண்டும். வெட்டிய இடத்தின் இருபுறமும் பல ஆயிரம் எழுத்து தூரம் வரிசைப்படுத்திப் பார்க்காமல் எந்த முடிவையும் மகள் எழுதக்கூடாது.

கணினி கட்டாயம் வேண்டும். லினக்ஸ் கட்டளைகள், ஆர் அல்லது பைத்தான் நிரல்மொழி, புள்ளியியல். பாதி நாள் அங்கேதான் போகும். நீங்கள் வீட்டிலேயே நிகழ்தகவு சொல்லிக்கொடுக்கக் கூடியவர். அது பெரிய உதவி.

பணம் பற்றி நீங்கள் கேட்கவில்லை; சொல்லாமல் விடுவது சரியல்ல. சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் 2023 முதல் மாதம் 37,000 ரூபாய், இரண்டு ஆண்டுக்குப் பின் எஸ்.ஆர்.எஃப். (முதுநிலை) ஆனால் 42,000, வீட்டு வாடகைப் படி தனி. மொத்தம் ஐந்தாண்டு வரை. பல இடங்களில் இது மாதாமாதம் வராது, சில மாதங்களுக்குச் சேர்த்து வரும். முதல் ஆறு மாதத்துக்குக் கையில் பணம் வைத்துக்கொண்டு போவது நல்லது. இந்த இனத்திலேயே வேலை செய்ய விரும்பினால் பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் குண்டேயின் ஆய்வகம் இருக்கிறது. எங்கே சேர்வதானாலும் அதற்குமுன் அந்த ஆய்வகத்தின் பழைய மாணவர்களில் இருவரோடு பேசச் சொல்லுங்கள்: எத்தனை ஆண்டில் முடித்தார்கள், ஞாயிற்றுக்கிழமை புழுவுக்கு யார் இலை வைக்கிறார்கள். இரண்டாவது கேள்விக்கு வரும் பதிலில் அந்த இடத்தின் நடைமுறை எல்லாம் தெரிந்துவிடும்.

காட்டில் சேகரிக்க வனத்துறை அனுமதி வேண்டும். டி.என்.ஏ. மாதிரியை வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்பச் சென்னையில் இருக்கும் தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் விதிகள் உண்டு. அனுமதிக்குப் பல மாதம் ஆகலாம். பட்டாம்பூச்சிப் பருவம் காத்திருக்காது. விண்ணப்பம் முந்தி, பயணம் பிந்தி.

அடுத்த முறை பெட்டியில் ஏதாவது செத்துப்போனால் எறிய வேண்டாம். இரண்டு கால்களை வெட்டி 95 சதவீத எத்தனாலில் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள். அதிலிருந்தே H உண்டா இல்லையா என்று பின்னால் பார்க்கலாம். ஃபார்மலின் வேண்டாம், டி.என்.ஏ.வைக் கெடுத்துவிடும். சிறகுகளை முக்கோணமாக மடித்த தாளுக்குள் வைத்து, தேதி, ஊர், முட்டை எடுத்த செடி, ஆணா பெண்ணா என்பதைப் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை எத்தனால் பட்டால் கரைந்துவிடும்.