மேற்பார்வையாளர் மருத்துவராக வேண்டியதில்லை

வாசகர் கேள்வி–பதில்: பணியிட மனநலம்

பிறரை வேலை வாங்கும் பொறுப்பிலுள்ளவர்களுக்கு நடத்தப்படும் மனநல விழிப்புணர்வுப் பயிற்சி பற்றி வந்த கேள்விகளுக்கு இம்மாதம் பதில் தரப்படுகிறது. எழுதியவர்களின் அடையாளம் தெரியாதவாறு விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன.

கேள்வி: மென்பொருள் நிறுவனமொன்றில் பதினோரு பேர் கொண்ட குழுவுக்குத் தலைவராக இருக்கிறேன். அண்மையில் எங்களுக்கு ஒருநாள் பயிற்சி நடத்தி, மனச்சோர்வு, பதற்றநோய் ஆகியவற்றின் அறிகுறிகளைப் பட்டியலிட்டுக் காட்டினார்கள். அந்தப் பட்டியலின்படி பார்த்தால் என் குழுவில் ஐந்து பேருக்கு ஏதோ இருப்பதாகத் தோன்றுகிறது. அவர்களிடம் இதைச் சொல்லலாமா?
– குழுத் தலைவர், பழைய மகாபலிபுரம் சாலை, சென்னை

பதில்: சொல்ல வேண்டாம். மருத்துவ மாணவர்கள் ஆண்டுக்கணக்கில் படிப்பதை ஒரே நாளில் ஸ்லைடுகளாகக் காட்டி அனுப்பிவிட்டார்கள்; அந்தப் பட்டியலோடு அலுவலகம் திரும்பும் எவருக்கும் பக்கத்து நாற்காலியில் இருப்பவர் நோயாளியாகத்தான் தெரிவார். நோய்க்குப் பெயர் சூட்டுவது உங்கள் வேலையன்று.

ஆனால் மருத்துவருக்குக் கிடைக்காத ஒன்று உங்களிடம் இருக்கிறது. அவர் தம்மிடம் வருபவரைச் சில நிமிடங்கள் பார்க்கிறார். நீங்களோ அதே மனிதரை ஆண்டுக்கணக்கில், நாளொன்றுக்கு எட்டு ஒன்பது மணி நேரம் பார்க்கிறீர்கள். ஆகவே ஒருவரைப் பட்டியலோடு ஒப்பிடாமல், அவரது பழைய இயல்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். எப்போதும் அதிகம் பேசாதவர் கூட்டத்தில் வாய் திறக்காமல் இருந்தால் அதில் கவனிக்க ஒன்றுமில்லை. தேநீர் இடைவேளையில் எல்லாரையும் சிரிக்க வைத்தவர் மூன்று வாரமாகத் தனியே அமர்ந்து உண்பதும், பிழையின்றி நிரல் எழுதுபவர் ஒரே தவறைத் திரும்பத் திரும்பச் செய்வதும், நள்ளிரவு இரண்டு மணிக்கு அவரிடமிருந்து மின்னஞ்சல் வருவதும் கவனிக்க வேண்டியவை.

பேசும்போது கண்டதை மட்டும் சொல்லுங்கள், காரணம் கற்பிக்காதீர்கள். "உங்களுக்கு டிப்ரஷனா?" என்று கேட்டால் எவரும் இல்லையென்றே சொல்வார். "மூணு வாரமா நீங்க சாப்பிடக்கூட எங்களோட வர்றதில்லை. என்னமோ மாதிரி இருக்கீங்க. வேலையில ஏதாவது கஷ்டமா?" என்று தனியறையில், அடுத்த கூட்டத்துக்கு நேரமாகிவிட்டதென்று கைக்கடிகாரத்தைப் பார்க்காமல் கேட்டால், பதில் வரக்கூடும். அன்றைக்கு வராவிட்டாலும் பாதகமில்லை. கேட்டவர் ஒருவர் இருக்கிறார் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். நம்மவர்கள் பலர் இத்தகைய துன்பத்தை முதலில் உடலின் வழியாகவே சொல்கிறார்கள்: தூக்கம் வருவதில்லை, நெஞ்சு படபடக்கிறது, வயிறு சரியில்லை. "மனசு சரியில்லை" என்று ஒருவர் சொல்லிவிட்டாரானால் அதுவே பெரிய திறப்பு. அந்த நேரத்தில் "கோயிலுக்குப் போய்ட்டு வாங்க", "கல்யாணம் ஆனா எல்லாம் சரியாயிடும்", "இதைவிடக் கஷ்டத்தையெல்லாம் நாங்க பார்த்திருக்கோம்" என்று சொல்லித் தயவுசெய்து அதை மூடிவிடாதீர்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது வேறொன்று. பதினோரு பேரில் ஐந்து பேர் ஒரே காலத்தில் வாடித் தெரிகிறார்கள் என்றால், அந்த ஐவரை ஆராய்வதற்கு முன் அவர்களிடம் கொடுக்கப்பட்டிருக்கும் வேலையை ஆராய வேண்டும். பணிச்சோர்வு என்று நாம் சொல்லும் 'பர்ன்அவுட்'டை உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டின் பதினோராம் பதிப்பு ஒரு நோயாகச் சேர்க்கவில்லை. நெடுநாள் கவனிக்கப்படாத பணியிட அழுத்தத்தால் விளையும் தொழில்சார் நிலை என்றே குறிப்பிடுகிறது. பிரிட்டனில் பணியிடப் பாதுகாப்பை மேற்பார்வையிடும் அரசு அமைப்பு, அழுத்தத்தின் ஊற்றுக்கண்களாக ஆறினைச் சொல்கிறது: வேலைச்சுமை, தம் வேலையைத் தாமே தீர்மானிக்கும் உரிமை, கிடைக்கும் ஆதரவு, சக ஊழியருடனான உறவு, பொறுப்பில் தெளிவு, மாற்றங்கள் கையாளப்படும் விதம். இவற்றுள் மரபணுவோ குழந்தைப் பருவமோ இல்லை என்பதைக் கவனியுங்கள். எல்லாமே ஏதோ ஒரு மேலாளரின் மேசையைக் கடந்து செல்பவை. வெளியீட்டுத் தேதியை ஒரு வாரம் தள்ளிக் கேட்பதற்கு உங்களுக்கு அதிகாரம் உண்டா? இல்லையென்றால், உங்களுக்கு மேலிருப்பவர்தான் முதலில் பயிற்சிக்குப் போயிருக்க வேண்டும்.

கேள்வி: எங்கள் ஆயத்த ஆடை நிறுவனத்தில் லைன் சூப்பர்வைசர்களுக்கு இப்பயிற்சி தரச் சொல்லி ஒரு பயிற்சி நிறுவனம் அணுகியுள்ளது. இதற்குச் செலவிடுவதால் உண்மையிலேயே பயன் உண்டா?
– உற்பத்தியாளர், திருப்பூர்

பதில்: கணக்குக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் தீயணைப்புத் துறையில் 128 மேலாளர்களைக் கொண்டு நடத்திய ஆய்வொன்று 2017இல் 'லான்செட் சைக்கியாட்ரி' இதழில் வெளியானது. ஒரு பிரிவினருக்கு நான்கு மணி நேரப் பயிற்சி தரப்பட்டது. மற்றவர்கள் ஒப்பீட்டுக்காகப் பயிற்சியின்றிக் காத்திருக்க வைக்கப்பட்டனர். ஆறு மாதங்களுக்குப் பின், பயிற்சி பெற்றவர்களின் கீழ்ப் பணிபுரிந்தோர் வேலை தொடர்பான காரணங்களுக்காக எடுத்த மருத்துவ விடுப்பு குறைந்திருந்தது. செலவிட்ட ஒவ்வொரு பவுண்டுக்கும் 9.98 பவுண்டு மிச்சமானதாக ஆய்வாளர்கள் கணக்கிட்டனர். மனநலம் பாதிக்கப்பட்ட அல்லது விடுப்பில் சென்ற ஊழியரிடம் தயங்காமல் பேசுவது எப்படி என்பதே அப்பயிற்சியின் உயிர்நாடி.

அதே வேளையில், ஊழியரை மட்டும் திருத்த முனையும் திட்டங்களுக்கு இத்தகைய நற்சான்று இல்லை. பிரிட்டனில் 233 நிறுவனங்களைச் சேர்ந்த 46,336 தொழிலாளர்களின் தரவுகளை ஆராய்ந்து 2024இல் வெளியான ஆக்ஸ்ஃபோர்ட் ஆய்வொன்றில், தியான வகுப்பு, மனவுறுதிப் பயிற்சி, நலவாழ்வுச் செயலி போன்றவற்றில் பங்கேற்றவர்களின் நிலை, பங்கேற்காதவர்களின் நிலையைவிட மேம்பட்டதாகத் தெரியவில்லை. ஒரே காலக்கட்டத்தின் தரவை வைத்துச் செய்த ஒப்பீடு என்பதால் அதை முடிந்த முடிவாகக் கொள்ள இயலாது. ஆனாலும் யோகா ஆசிரியரை அழைத்துவிட்டால் கடமை முடிந்தது என்று நினைப்பவர்களை அது சற்று யோசிக்க வைக்க வேண்டும்.

தீயணைப்பு நிலையம் வேறு, தையல் லைன் வேறு. உங்கள் ஊரில் ஷிப்மென்ட் தேதி நெருங்கும்போது முதலாளியின் தொலைபேசியில் தொடங்கும் கோபம், யூனிட் மேலாளர் வழியாக லைன் சூப்பர்வைசரிடம் வந்து, கடைசியில் இயந்திரத்தின் முன் அமர்ந்திருக்கும் பெண்ணின் தலையில், நாற்பது பேர் பார்க்க இறங்குகிறது. ஒடிசாவிலிருந்தோ ஜார்க்கண்டிலிருந்தோ வந்தவராயின், என்ன சொல்லித் திட்டினார்கள் என்பதுகூட அவருக்குப் புரிவதில்லை. குரல் மட்டும் புரிகிறது. ஆகவே பயிற்சியைச் சரக்கு அனுப்பிய மறுவாரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த நான்கு மணி நேரத்துக்கும் சம்பளம் கொடுங்கள். அந்த அறையில் நீங்களும் அமருங்கள். கூடவே சூப்பர்வைசருக்குச் சிறிய அதிகாரம் ஒன்றையும் கொடுங்கள்: தடுமாறும் ஒருவரைச் சில நாள்களுக்கு ஓவர்லாக் தையலிலிருந்து, தைத்ததைச் சரிபார்க்கும் செக்கிங் வேலைக்கு, கூலி குறையாமல், மேலிடத்தைக் கேட்காமல் மாற்றும் அதிகாரம். அதைத் தர மனமில்லையென்றால் பயிற்சிக்கான பணத்தைச் செலவிடாதீர்கள்.

கேள்வி: என்கீழ்ப் பணிபுரியும் ஒருவர், தமக்கு இருதுருவ மனநோய் (பைபோலார்: மிகுந்த எழுச்சியும் ஆழ்ந்த சோர்வும் மாறிமாறி வரும் நோய்) இருப்பதாகவும் மருந்து உட்கொள்வதாகவும் என்னிடம் மட்டும் சொன்னார். அவருடைய விடுப்புகளைப் பற்றி மனிதவளத் துறையிலிருந்து கேட்கிறார்கள். நான் என்ன சொல்வது?
– பொதுத்துறை வங்கி மேலாளர், மதுரை

பதில்: எதைச் சொல்வதென்று முதலில் அவரையே கேளுங்கள் அம்மா. தம் மனநலம், சிகிச்சை பற்றிய விவரங்கள் இரகசியமாகக் காக்கப்பட வேண்டுமென்ற உரிமையை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயருக்கு அளிக்கிறது. அச்சட்டம் இரகசியம் காக்கும் கடமையை விதிப்பது சிகிச்சை அளிப்பவர்கள்மீதுதான் என்றாலும், உங்களை நம்பிச் சொன்னதை நீங்கள் காப்பதற்குச் சட்டம் தேவையில்லை. "மருத்துவக் காரணம், உரிய சான்றிதழ் உள்ளது" என்பதே பெரும்பாலும் போதுமான பதில். அதற்கு மேல் எழுத்தில் எதுவும் போவதாயின் அவருடைய ஒப்புதலோடு போகட்டும்.

இந்நோயில் உறக்கம் கெடுவது நோய் மீண்டும் தலைதூக்கக் காரணமாகலாம். மார்ச் மாதக் கணக்கு முடிப்பில் இரவு பதினொரு மணிவரை அவரை அமர்த்துவதைத் தவிர்த்து, வேறு வேலையைப் பகலில் கூடுதலாகக் கொடுத்தால் சலுகை காட்டியதாகவும் தோன்றாது. மருந்தின் அளவைப் பற்றியோ, "இன்னும் எத்தனை நாள் சாப்பிடணும்?" என்றோ கேட்க வேண்டாம்.

அவர் வேலை போய்விடுமோ என்று அஞ்சினால், பணிக்காலத்தில் மாற்றுத்திறன் நிலைக்கு உள்ளான ஊழியரை அரசு நிறுவனங்கள் அக்காரணத்துக்காக நீக்கவோ பதவியிறக்கவோ கூடாதென்று 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்வதையும், அச்சட்டத்தின் பட்டியலில் மனநோயும் இடம்பெற்றிருப்பதையும் எடுத்துச் சொல்லுங்கள். உடல்நோய்க்கு இணையாக மனநோய்க்கும் மருத்துவக் காப்பீடு அளிக்கப்பட வேண்டுமென்பதும் 2017ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருக்கிறது.

கேள்வி: எங்கள் வார்ப்பாலையில் கடன் தொல்லையில் இருக்கும் ஒருவர், "நான் இல்லாமப் போயிட்டா எல்லாருக்கும் நிம்மதி" என்று சொன்னார். விரக்தியில் சொன்னதாக விட்டுவிடலாமா?
– மேற்பார்வையாளர், கோயம்புத்தூர்

பதில்: விடக்கூடாது. இவ்விதழ் உங்கள் கைக்கு வரும்வரை காத்திருக்காமல் உங்களுக்குத் தனியே பதில் அனுப்பிவிட்டோம். மற்றவர்களுக்காக இங்கே தருகிறோம். "உயிரை விட்டுடலாம்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. பலருக்கு அதை வாய்விட்டுச் சொல்லிவிடுவதே ஆறுதலாக இருக்கிறது. ஆமென்று சொன்னால் அவரைத் தனியே விடாதீர்கள். தனியாக வீட்டுக்கு அனுப்பாதீர்கள். யாரை அழைக்கலாமென்று அவரிடமே கேட்டு, அவர் நம்பும் ஒருவரை வரவழையுங்கள். முந்தைய பதிலில் இரகசியம் பற்றிச் சொன்னதற்கு இது விதிவிலக்கு: உயிருக்கு ஆபத்து எனும்போது "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி-மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழில் பேசலாம். ஆபத்து உடனடியானதாகத் தெரிந்தால் 108ஐ அழையுங்கள், அல்லது நீங்களே உடன்சென்று அவரை அரசு மருத்துவமனையில் சேர்த்துவிடுங்கள்.

காவல்துறை வழக்கு வருமென்ற அச்சத்தால் சிலர் மருத்துவமனைக்குப் போகத் தயங்குகிறார்கள். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது என்பது 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் 115ஆம் பிரிவு. கடனைப் பற்றி அன்றைக்கே பேச வேண்டாம். சம்பள முன்பணம் தர நிறுவனத்தில் வழியுண்டா என்பதை நீங்கள் விசாரித்து வைத்திருந்தால், அடுத்த வாரம் அது பயன்படும்.

கேள்வி: எல்லாரையும் நாங்கள் விசாரிக்க வேண்டும் என்கிறீர்கள். எங்களை யார் விசாரிப்பது?
– உற்பத்திப் பிரிவு மேலாளர், ஓசூர்

பதில்: இந்தக் கேள்வி எல்லாப் பயிற்சியிலும், பெரும்பாலும் பின்வரிசையிலிருந்து, எழுகிறது, சிரித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறார்கள். நேற்றிரவு ஒருவரின் அழுகையைக் கேட்டுவிட்டுக் காலை ஆறு மணி ஷிஃப்டில் உற்பத்திக் கணக்குச் சொல்ல வேண்டியவருக்குத் தூக்கம் வராதது இயல்பு. அடுத்த பயிற்சியில் இதை நடத்துபவரிடம் கேளுங்கள்: "இப்படி ஒரு பேச்சு நடந்த மறுநாள் நான் யாரை அழைப்பது? பெயரும் எண்ணும் கொடுங்கள்." நிறுவனம் அதைக் கொடுக்கும்வரை, மேலே சொன்ன 14416 உங்களுக்கும் உரியதுதான்.