அப்பாவின் டியூஷன் காசு

அண்ணன், உங்கள் குரல்பதிவை இரண்டு முறை கேட்டேன். தொடக்கக் கல்லூரி இரண்டாம் ஆண்டில் இருக்கும் மகள், கணக்கியல் வேண்டாம், அரசியல் தத்துவம்தான் என்கிறாள். இதைப் படித்து என்ன வேலைக்குப் போவாள் என்று கேட்டிருந்தீர்கள். நியாயமான கவலைதான். 'தத்துவவாதி தேவை' என்று யாரும் விளம்பரம் கொடுப்பதில்லை.

போன வாரம் அவள் என்னிடம் பேசியதை (அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்) கேளுங்கள். சிங்கப்பூரின் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ-யில், ஒரே பாடத்தை ஒரே நிலையில் எடுக்கும் எல்லாருக்கும் ஒரே கேள்வித்தாள். அதனாலேயே அது நியாயமாகிவிடுமா என்றாள். பத்தாம் மாடிப் பையன் நான்கு பாடத்துக்கும் டியூஷன் போகிறான். மூன்றாம் மாடிப் பையன் பள்ளி விட்டதும் தம்பியைப் பார்த்துக்கொள்கிறான். ஒரே திறமை, ஒரே முனைப்பு உள்ள இருவரின் வாய்ப்பு பிறந்த வீட்டைப் பொறுத்து மாறலாமா? 1971-இல் அமெரிக்கத் தத்துவவாதி ஜான் ரால்ஸ் கேட்டதும் இதுதான்.

நான் மடக்கினேன். "உன் அப்பா இரவு ஷிஃப்ட் பார்த்த காசில் உனக்கு டியூஷன் வைத்தாரே, அதைத் தடுக்க யாருக்கு உரிமை?" 1974-இல் இன்னொரு அமெரிக்கத் தத்துவவாதி ராபர்ட் நோசிக் ரால்ஸுடன் போட்ட சண்டையும் ஏறக்குறைய இதே மாதிரிதான். கொஞ்ச நேரம் அவள் வாயே திறக்கவில்லை. அப்புறம், "அப்பா தப்பு செய்யல. ஆனா அந்தப் பையனுக்கு யார் பதில் சொல்றது?" என்றாள்.

பதினெட்டு வயதில் இப்படி நிதானமாகப் பிரித்துப் பார்ப்பவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. எதைச் சமமாக்குவது என்ற விவாதமும் இன்னும் ஓயவில்லை. கையில் உள்ள காசையா, அதை வைத்து ஒருவரால் வாழ முடிகிற வாழ்க்கையையா என்று கேட்டார் பொருளியல் அறிஞர் அமர்த்திய சென். உணவங்காடியில் தட்டு எடுக்கும் ஆன்ட்டியும் நாமும் சரிக்குச் சரியாகப் பழக முடிகிறதா என்பதுதான் எலிசபெத் ஆண்டர்சன் போன்ற தத்துவவாதிகளின் கவலை.

சரி, வேலைக்கு வருவோம். தத்துவத்தை மட்டும் எடுப்பதைவிட, சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் (என்யுஎஸ்) தத்துவம், அரசியல், பொருளியல் மூன்றும் சேர்ந்த படிப்பையே நான் முதலில் வைப்பேன். அரசாங்கச் சேவை, கொள்கை ஆய்வு, செய்தித்துறை, மனிதவளம் என்று போகலாம். வேலையிடத்தில் பாகுபாட்டைத் தடுக்கும் வேலையிட நியாயச் சட்டம் 2025 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. எது பாகுபாடு, எது இல்லை என்று பிரித்துச் சொல்லும் ஆட்கள் நிறுவனங்களுக்கு வேண்டும். பிறகு சட்டம் படிக்க ஆசைப்பட்டால் சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகத்தில் (எஸ்எம்யு) பட்டதாரிகளுக்கான ஜூரிஸ் டாக்டர் என்ற சட்டப் படிப்பு இருக்கிறது. ஒன்று மட்டும், பொருளியலில் கணக்கு வரும்.

சனிக்கிழமை அவளுடைய கணித மதிப்பெண்களோடு வாருங்கள். நோசிக் பக்கம் நின்று அவள் ஒரு பக்கம் எழுதி வரட்டும். தனக்குப் பிடிக்காத வாதத்தை ஒழுங்காக எழுதியிருந்தால் விண்ணப்பத்தை நிரப்புவோம். எரிச்சலில் பாதியில் விட்டிருந்தால், கணக்கியலைப் பற்றியே பேசலாம்.