ரோபோவுக்கு முன்னால் பிளாக்: தென்னாப்பிரிக்க வாசகர் கேள்வி-பதில்

சாட்ஸ்வொர்த்: மகளுக்கு ஒன்பது வயது. கணினித் திரையில் கட்டளைப் பிளாக்குகளை இழுத்து ஒட்டி ரோபோவை ஓட்டக் கற்க ஆசைப்படுகிறாள். 2,500 ராண்ட் வைத்திருக்கிறேன். எதை வாங்கலாம், அக்கா?

இந்த மாதம் எதையும் வாங்காதீர்கள், அம்மா. 2007இல் எம்.ஐ.டி. வெளியிட்ட ஸ்கிராட்ச் என்ற பிளாக் மென்பொருள் இலவசம். முதலில் அதில் பூனையை நடக்கவைக்கப் பழகட்டும். அடுத்தது மேக்கோட் என்ற இன்னொரு பிளாக் மென்பொருள், அதற்கும் காசு கிடையாது. அதில் மைக்ரோபிட் என்ற சிறு மின்னணுப் பலகை கணினித் திரையிலேயே ஓடும். ‘ஏ பொத்தானை அழுத்தும்போது’ என்ற பிளாக்கின் வாய்க்குள் இதயப் படம் காட்டும் பிளாக்கை நுழைத்து, திரையில் உள்ள பொத்தானைத் தட்டினால், 25 விளக்குகளில் இதயம் எரியும். அதைத் துடிக்கவைப்பது எப்படி என்று அவளாகவே கேட்டு வரும் நாளில் பலகையை வாங்கிக் கொடுங்கள். சக்கரமும் மோட்டாரும் அதற்கும் பிறகுதான்.

ஃபீனிக்ஸ்: உள்ளூர் இணையக் கடையில் வாங்கிய ரோபோ வந்து நான்கு நாள் ஆகிறது. எங்கள் டேப்லெட்டோடு இணையவே இல்லை. ‘பெட்டியைப் பிரித்தாயிற்று, பணம் திரும்பாது’ என்கிறார்கள்.

அப்படிச் சொல்ல அவர்களுக்கு உரிமை இல்லை. 2002ஆம் ஆண்டின் மின்னணுப் பரிவர்த்தனைச் சட்டத்தின் 44ஆம் பிரிவுப்படி, பொருள் கைக்கு வந்த ஏழு நாளுக்குள் காரணமே சொல்லாமல் திருப்பிக் கொடுக்கலாம். அனுப்பும் செலவு மட்டும் உங்களுடையது. முழுப் பணமும் 30 நாளுக்குள் வந்தாக வேண்டும். தொலைபேசியில் வாதாடிக்கொண்டிருக்காமல் இன்றே மின்னஞ்சல் எழுதுங்கள், இன்னும் மூன்று நாள்தான் இருக்கிறது. மசியாவிட்டால் நுகர்பொருள் மற்றும் சேவைக் குறைதீர்ப்பாளரிடம் போங்கள். கட்டணம் கிடையாது.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்: மைக்ரோபிட்டில் மோட்டாரை நேராக இணைத்தேன். பலகை செத்துவிட்டது. கடையில் மாற்றித் தருவார்களா?

மாட்டார்கள். கேட்கவும் கூடாது. மோட்டாரை இழுக்கும் அளவு மின்சாரம் அந்தப் பலகையிலிருந்து வராது. நடுவில் மோட்டாருக்கு மின்சாரத்தைக் கொடுக்கும் டிரைவர் பலகையும் மோட்டாருக்குத் தனி பேட்டரியும் வேண்டும். படித்துவிட்டுச் செருகுங்கள், தம்பி.

டோங்காட்: ஃபோன் ஆப் வழியாக மட்டும் ஓடும் ரோபோ பாதி விலைக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா?

வேண்டாம். சில வருடங்களுக்கு முன் தீபாவளிக்கு என் மகனுக்கு அப்படி ஒன்றை 1,800 ராண்டுக்கு வாங்கினேன். இரண்டு வருடம் நன்றாக ஓடியது. ஃபோனை மாற்றினோம், புது ஃபோனில் அந்த ஆப் கிடைக்கவில்லை. விற்ற நிறுவனத்துக்கு மூன்று முறை எழுதியும் பதில் இல்லை. மோட்டார் நன்றாக இருந்தது, பேட்டரி நன்றாக இருந்தது, ஆனால் ரோபோ அசையவில்லை. பையன் அதை மடியில் வைத்துக்கொண்டு பொத்தானை அழுத்தி அழுத்திப் பார்த்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. காசு கொடுத்து வாங்கிய பொருளின் உயிர் வேறு யாரோ ஒருவர் கையில் இருப்பதை நான் வியாபாரமாகவே ஏற்கமாட்டேன்.

கடைக்காரரிடம் கேளுங்கள்: கணினியிலிருந்து கேபிள் வழியாக நிரலை ஏற்ற முடியுமா? கேபிளைப் பிடுங்கிய பிறகும் அந்த நிரல் ரோபோவுக்குள்ளேயே இருந்து ஓடுமா? வேறு மென்பொருளிலும் நிரல் எழுத முடியுமா? எம்பாட் ரோபோவைப் பாருங்கள். குழந்தை அதன் மென்பொருளான எம்பிளாக்கில் பிளாக் அடுக்கி ஓட்டலாம். உள்ளே இருப்பது ஆர்டுயினோ ஊனோ என்ற, பலரும் பயன்படுத்தும் மின்னணுப் பலகையின் வகை என்பதால், நாளைக்கு எம்பிளாக் இல்லாமல் போனாலும் ஆர்டுயினோ மென்பொருளில் நிரல் எழுதலாம். ‘ஆப்பில் எல்லாம் இருக்கிறது’ என்பது மட்டுமே கடைக்காரரின் பதில் என்றால், அங்கே நிற்காதீர்கள்.

லெனேசியா: கடையில் வாங்கிய ரோபோவின் ஒரு சக்கரம் மூன்றாம் மாதமே நின்றுவிட்டது. ரிப்பேர் மட்டும்தான் செய்வார்களாம்.

ரிப்பேரா, புதியதா, பணமா என்று முடிவு செய்வது நீங்கள், கடை அல்ல. 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 56ஆம் பிரிவு. ஆறு மாதம் வரை. பில்லோடு போங்கள்.

வெருலம்: தெரிந்தவர் ஒருவர் பழைய லெகோ இவி3 ரோபோவை விற்கிறார். ‘ஃபுட்ஸ்டூட்ஸ்’ என்று எழுதிக் கையெழுத்து கேட்கிறார்.

உள்ளது உள்ளபடி என்று அர்த்தம். வியாபாரி அப்படி எழுதித் தப்பிக்க முடியாது. வீட்டுச் சாமானை விற்கும் தனி ஆளின் விஷயத்தில் அது செல்லும், தனக்குத் தெரிந்த கோளாறை மறைத்தால் தவிர. ஆகவே பார்க்கவேண்டியது நீங்கள்தான். இவி3 சேர்ந்த மைண்ட்ஸ்டார்ம்ஸ் வரிசை 2022 கடைசியோடு நின்றுவிட்டது, புது உதிரிப்பாகம் தேடி அலையவேண்டியிருக்கும். பேட்டரி பேக் உப்பியிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். கருவியின் திரையில் போர்ட் வியூவைத் திறந்து, ஒவ்வொரு மோட்டாரையும் கையால் திருப்புங்கள். திரையில் எண் மாறவேண்டும். எண் மாறாத மோட்டாருக்கு விலையில் கழித்துக்கொள்ளுங்கள். மேக்கோட்டில் இவி3க்கும் பிளாக் எழுதலாம், அதனால் மென்பொருளைப் பற்றிக் கவலை வேண்டாம்.