முழங்கால் குளிசையும் அப்பாவின் வயிற்றெரிவும்

கேள்வி: அப்பாவுக்கு 58 வயது. இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் செய்கிறார். முழங்கால் வலிக்கு ஒரு வருடமாக மருந்துக்கடையில் குளிசை வாங்கிப் போடுகிறார். உறையில் ‘டைக்குளோபெனாக் 50’ என்று பேனையால் எழுதியிருக்கிறது. பிறகு வயிற்றெரிவு தொடங்கியது. அதற்கு ஒமெப்ரசோல். இரண்டையும் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் ஒன்றாகவே விழுங்குகிறார். எரிவு நிற்கவில்லை. ஒமெப்ரசோலை இரண்டாகக் கூட்டலாமா?
– வாசகி, கிளிநொச்சி

பதில்: கூட்ட வேண்டாம், பிள்ளை. முதலில் ஒன்று கேட்டறியுங்கள். மலம் தார்போலக் கறுத்து, பிசுபிசுப்பாக, கடும் நாற்றத்துடன் போகிறதா? உங்களிடம் சொல்ல அவர் கூச்சப்படுவார், அம்மாவைக் கேட்கச் சொல்லுங்கள். இரும்புச்சத்துக் குளிசையாலும் மலம் கறுக்கும். ஆனால் அதைப் போடாதவருக்குத் தார்போலப் போனால், அல்லது கோப்பித்தூள் போல வாந்தி வந்தால், உள்ளே இரத்தம் கசிகிறது என்றே கொள்ள வேண்டும். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். 1990க்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

அப்படி எதுவும் இல்லையென்றாலும் டைக்குளோபெனாக்கை இன்றே நிறுத்த வேண்டும். ‘சாப்பிட்டபின் போட்டால் வயிற்றுக்கு ஒன்றும் செய்யாது’ என்று ஊரெல்லாம் நம்புகிறார்கள். இரைப்பையின் உட்சுவரைக் காக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளை இந்த மருந்து இரத்தத்தில் கலந்தபின் குறைத்துவிடுகிறது. எனவே நிறையச் சாப்பிட்டிருந்தாலும், ஊசியாகவே போட்டாலும் புண் வரலாம். வெயிலில் வியர்த்துக் களைத்த உடம்பில் சிறுநீரகத்தையும் கெடுக்கும். வவுனியாப் பக்கத்து விவசாயிகளிடையே சிறுநீரக நோய் இருப்பதை அறிந்தும் இதை மிட்டாய்போல விற்பதுதான் எனக்குக் கோபம். முழங்காலுக்குப் பூசும் ஜெல் போதுமா என்று பாருங்கள். போதாவிட்டால் பரசிற்றமோல் 500 மில்லிகிராம் குளிசை, ஒரு தடவைக்கு இரண்டு, ஆறு மணித்தியால இடைவெளியில், நாளுக்கு எட்டுக்கு மேல் போகாமல். சாராயப் பழக்கமோ ஈரல் நோயோ இருந்தால் அதற்கும் வைத்தியரைக் கேளுங்கள்.

ஒமெப்ரசோல் நல்ல மருந்து, போடும் நேரம்தான் பிழை. சாப்பாடு உள்ளே போகும்போதுதான் அமிலம் சுரக்கும் பம்பிகள் வேகமாக இயங்குகின்றன. அப்போது அவற்றை அடைக்கும் இந்த மருந்து இரத்தத்தில் ஏற்கெனவே இருக்க வேண்டும். காலையில் முகம் கழுவியதும் குளிசை, மாட்டை அவிழ்த்துக் கட்டிவிட்டு வந்து அரை மணித்தியாலத்தின் பின் பழஞ்சோறு. குளிசையின் கூட்டைத் திறந்தால் தெரியும் குறுணி மணிகளை நசுக்கக் கூடாது, அமிலம் தின்றுவிடாதபடி பூச்சுப் பூசியவை அவை.

58 வயதில் நிற்காத எரிவு என்றால், வாய்வழியே குழாய் விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோபி தேவைப்படலாம். மெலிகிறார், விழுங்கக் கஷ்டப்படுகிறார் என்றால் தாமதிக்கவே வேண்டாம். இரைப்பையில் புண் உண்டாக்கும் ஹெலிகோபாக்டர் கிருமிக்கும் சோதிக்க வேண்டும். ஒமெப்ரசோல் அந்தச் சோதனையை மறைத்துவிடும் என்பதால், வழக்கமாக இரண்டு கிழமைக்கு முன்னரே நிறுத்தச் சொல்வார்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கிளினிக்கிற்குப் போகும்போது இரண்டு உறைகளையும் கொண்டுபோங்கள். இன்னொன்று: மண்வெட்டி பிடிக்கும்போது எரிவு எழுந்து, வரம்பில் சற்று உட்கார்ந்ததும் தணிகிறதா? அப்படியென்றால் அது வயிறாக இல்லாமல் இதயமாகவும் இருக்கலாம். அன்றைக்கே இதயத் துடிப்பைப் பதியும் ஈசிஜி எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.