பாம்பன் தாண்டிப் போகிறவர்களுக்கு: வாசகர் கேள்வி - பதில்

ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரைக்குச் செல்வது பற்றி வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் புதிய ரயில் பாலத்தைப் பற்றியவை. அவற்றுக்கு முதலில் பதில் சொல்லிவிட்டு மற்றவற்றுக்கு வருகிறோம்.

ராமேஸ்வரத்துக்கு இப்போது ரயில் நேராகப் போகிறதா? போன முறை ராமநாதபுரத்தில் இறக்கிவிட்டு, பஸ்ஸில் போகச் சொன்னார்கள்.
- வாசகி, ஈரோடு

நேராகவே போகிறது. 1914-ல் திறந்த பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பர் 23 முதல் ரயில்களை நிறுத்திவிட்டார்கள். அந்த இடைவெளியில்தான் நீங்கள் போயிருக்கிறீர்கள். 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாலம் திறக்கப்பட்டது. பழைய பாலத்தில் கடைசிக் காலத்தில் மணிக்கு 10 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்ற கட்டுப்பாடு இருந்தது. புதியதில் 75 வரை அனுமதி, கப்பலுக்கு வழிவிட மேலே தூக்கும் நடுப் பகுதியில் (தூக்குப் பகுதி) மட்டும் 50. கடலை நிதானமாகப் பார்த்துக்கொண்டே போகலாம் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள், சில நிமிடங்களில் கடந்துவிடும். கதவருகே நின்று படம் எடுக்க வேண்டாம். பாலத்தின் மேல் கடற்காற்று பக்கவாட்டில் அடித்துத் தள்ளும்.

சென்னையிலிருந்து சேது எக்ஸ்பிரஸ், ராமேஸ்வரம் எக்ஸ்பிரஸ் இரண்டும் முன்போல ஓடுகின்றன. புதிதாக வந்தது தாம்பரம் - ராமேஸ்வரம் தினசரி எக்ஸ்பிரஸ். விழுப்புரம், சிதம்பரம், மயிலாடுதுறை, திருவாரூர், பட்டுக்கோட்டை, அறந்தாங்கி, காரைக்குடி வழியாக வருகிறது. உண்மையான லாபம் சென்னைக்காரர்களைவிட டெல்டாக்காரர்களுக்குத்தான். பட்டுக்கோட்டை, அறந்தாங்கிப் பக்கத்திலிருந்து ராமேஸ்வரத்துக்கு இரவு ரயில் கிடைத்திருக்கிறது. உங்களைப் போல மேற்கு மாவட்டங்களிலிருந்து வருபவர்கள் மதுரைக்கு வந்து பாசஞ்சரில் ஏறலாம். முன்பதிவு கிடையாது, ஏறக்குறைய நான்கு மணி நேரம் ஆகும்.

முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கும், 120 நாள் கணக்கு 2024 நவம்பரோடு போய்விட்டது. ஆன்லைனில் தட்கல் எடுக்க, ரயில்வே கணக்கை ஆதாருடன் முன்பே சரிபார்த்து வைத்திருக்க வேண்டும். காலை பத்து மணிக்கு உட்கார்ந்து ஆதார் ஓ.டி.பி. தேடினால் டிக்கெட் போய்விடும். எழும்பூரில் மறுசீரமைப்புப் பணி நடப்பதால் சில ரயில்கள் தாம்பரத்திலிருந்து புறப்படுகின்றன. டிக்கெட்டில் அச்சாகியிருக்கும் ஏறுமிடத்தைப் பார்த்துவிட்டு ஆட்டோ பிடியுங்கள்.

இன்னொன்று. பாம்பனில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தொட்டால் சிக்னல் தானாகவே சிவப்புக்குப் போய்விடும். ரயில் மண்டபத்திலோ பாம்பனிலோ நிற்கும். தூக்குப் பகுதி இயந்திரத்தில் சிறு கோளாறு வந்தாலும் இதே கதைதான். எனவே ராமேஸ்வரத்திலிருந்து மதுரை போய் விமானமோ வேறு ரயிலோ பிடிப்பதாக இருந்தால், நடுவில் குறைந்தது நான்கு மணி நேரம் விட்டுத் திட்டமிடுங்கள்.

பாலம் தூக்குவதை நேரில் பார்க்க வேண்டும். எந்த நாளில், எத்தனை மணிக்கு?
- வாசகர், திருவண்ணாமலை

நேர அட்டவணை எதுவும் கிடையாது. கப்பலோ, இழுவைப் படகோ, பெரிய மீன்பிடிப் படகுகளோ கடக்க அனுமதி கேட்டு, அந்த நேரத்தில் ரயிலும் இல்லையென்றால் தூக்குவார்கள். துறைமுக அலுவலகத்தில் முன்கூட்டியே பதிவு செய்து காத்திருக்கும் கலங்கள் மொத்தமாகக் கடக்கும். உள்ளூர்ச் செய்திகளில் 'நாளை கப்பல் கடக்கிறது' என்று வந்தால் அதை நம்பிப் போகலாம். மற்றபடி, கண்ணில் பட்டால் அதிர்ஷ்டம்.

பார்க்க வாய்த்தால் எதைக் கவனிக்க வேண்டும் என்று சொல்கிறோம். பழைய பாலத்தின் நடுப்பகுதி இரண்டு இறக்கைகளாகப் பிரிந்து மேல்நோக்கி விரியும். ஆட்கள் நின்று கையால் நெம்பித் திறப்பார்கள், அதற்கே முக்கால் மணி நேரம் போகும். புதியதில் 72.5 மீட்டர் நீளமுள்ள துண்டு முழுதாக, கிடைமட்டமாகவே 17 மீட்டர் உயரத்துக்கு ஏறுகிறது. சுமார் 660 டன் எடையை ஐந்தாறு நிமிடத்தில் மின் மோட்டார் எப்படித் தூக்குகிறது என்றால், அது முழு எடையையும் தூக்குவதில்லை. இரு பக்கக் கோபுரங்களிலும் கம்பிவடத்தில் எதிர் எடைகள் தொங்குகின்றன. பாலம் ஏற ஏற அவை இறங்கும். மோட்டாருக்கு மிச்சமிருப்பது உராய்வையும் சிறிய வித்தியாசத்தையும் சமாளிக்கிற வேலைதான். பாலத்தின் நடுவைப் பார்க்காமல் கோபுரத்தில் இறங்கும் அந்தக் கட்டைகளைப் பாருங்கள், விஷயம் அங்கேதான் இருக்கிறது.

பார்க்க வசதியான இடம் பாம்பன் கரை. ரோடு பாலத்தில் காரை நிறுத்தாதீர்கள். 1988-ல் திறந்த இரு வழிப் பாலம் அது. இரண்டு கார் நின்றால் ஆம்புலன்ஸும் சேர்ந்து நிற்கும். போலீஸ் அபராதமும் போடுகிறது, போடவும் வேண்டும். கரையிலேயே இறங்கி, ஓரமாக நடந்து பார்த்துவிட்டு வாருங்கள். பழைய பாலத்தை அகற்ற ரயில்வே முடிவெடுத்துவிட்டது. இரண்டையும் அருகருகே பார்க்க விரும்புகிறவர்கள் பயணத்தைத் தள்ளிப்போட வேண்டாம்.

72 வயது அம்மாவை அழைத்துப் போகிறோம். 22 தீர்த்தமும் ஆடவேண்டும் என்கிறார். முடியுமா?
- வாசகி, கோயம்புத்தூர்

முடியும், நாளையும் நேரத்தையும் சரியாகத் தேர்ந்தெடுத்தால். ஆடி, தை, மகாளய அமாவாசைகளையும், சனி ஞாயிறுகளையும் தவிருங்கள். கோயில் காலை 5 மணிக்குத் திறந்து மதியம் 1 மணிக்கு நடை சாத்துவார்கள், மறுபடி 3 முதல் இரவு 9 வரை. ஸ்படிக லிங்க தரிசனம் 5 முதல் 6 வரைதான். அதற்குத் தனிச் சீட்டு.

வரிசை இப்படி: முதலில் ஸ்படிக லிங்கம் (காய்ந்த உடையில்). பிறகு கோயிலுக்குக் கிழக்கே அக்னி தீர்த்தக் கடலில் முழுக்கு. அதன் பின் தீர்த்தச் சீட்டு வாங்கி உள்ளே 22 கிணறுகள். மகாலட்சுமி தீர்த்தத்தில் தொடங்கிக் கோடி தீர்த்தத்தில் முடியும். முடிந்ததும் உடை மாற்றிவிட்டுத்தான் சுவாமி தரிசனம். ஈர உடையோடு உள்ளே விடமாட்டார்கள். இதை அறியாமல் மாற்றுத் துணியை லாட்ஜிலேயே வைத்துவிட்டு வருகிறவர்கள் தினமும் இருக்கிறார்கள். ஒரு பை, ஒரு ஆள், காய்ந்த துணி: இந்த மூன்றும் வெளியே தயாராக இருக்கட்டும்.

அம்மாவுக்கு ஆபத்து தண்ணீரில் இல்லை, தரையில். பல நூறு பேர் ஈரக்காலோடு ஓடும் கருங்கல் தளம் அது. எண்ணெய் தேய்த்த மாதிரி வழுக்கும். புடவையைவிடச் சுடிதார் நல்லது. நனைந்த புடவை காலைச் சுற்றும். வாளியில் இறைத்துத் தலையில் கொட்டும்போது குனிந்து நிற்காமல் ஒருவர் தோளைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். உடம்பு முடியாத கிணறுகளில் தலையில் தெளித்துக்கொண்டாலும் போதும். கூட்டமில்லாத நாளில் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும்.

வாசலில் நின்று 'சீக்கிரம் அழைத்துப் போகிறேன்' என்பவர்களிடம் பணம் கொடுக்க வேண்டாம், சீட்டு கவுன்டரில் மட்டும். செல்போனுக்கு உள்ளே அனுமதி இல்லை. அறையிலேயே விட்டுவிடுங்கள், பாதுகாப்பறை வரிசையில் அரை மணி நேரம் மிச்சம்.

தனுஷ்கோடியில் சூரிய அஸ்தமனம் பார்க்க முடியுமா? குழந்தைகளைக் கடலில் இறக்கலாமா?
- வாசகர், சேலம்

இரண்டுக்கும் இல்லை. முகுந்தராயர் சத்திரம் சோதனைச் சாவடியில் மாலை 5 மணி வாக்கில் வண்டிகளை உள்ளே விடுவதை நிறுத்திவிடுகிறார்கள். உள்ளே போனவர்களையும் இருட்டுவதற்குள் கிளப்பிவிடுவார்கள். தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனைக்குச் சூரிய உதயம்தான் சரியான நேரம். ராமேஸ்வரத்திலிருந்து சுமார் 20 கிலோமீட்டர். முகுந்தராயர் சத்திரத்துக்கு அப்பால் கடைசி 9.5 கிலோமீட்டர் சாலை 2017-ல் போட்டது. அதற்கு முன் மணலில் வேன் சவாரி. இப்போது டவுன் பஸ்ஸே முனை வரை போகிறது. ஆட்டோக்காரரிடம் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்துப் பேசிக்கொள்ளுங்கள்.

குளிப்பது பற்றி: பாக் நீரிணைப் பக்கத்தை இங்கே பெண் கடல் என்பார்கள், மன்னார் வளைகுடாப் பக்கத்தை ஆண் கடல் என்பார்கள். கச்சான் என்னும் மேல்காற்று வீசும் மாதங்களில் ஆண் கடல் கொந்தளிக்கும். வாடைக் காலத்தில் மற்றது. முனையில் இரண்டு பக்க நீரோட்டமும் சந்தித்து அடிமணலை அரித்துக்கொண்டே இருப்பதால், முழங்காலளவு என்று கால் வைத்த இடம் அடுத்த அலையில் கழுத்தளவு ஆகும். அமைதியாகத் தெரிவதை நம்ப வேண்டாம். குழந்தைகளுக்கு அரியமான் கடற்கரை நல்லது. மண்டபத்துக்கு முன்னால், ஆழமில்லாத பாக் நீரிணைக் கரை.

புதிய செய்தி ஒன்று. தனுஷ்கோடிப் பகுதியில் 524.7 ஹெக்டேரைப் பெரும் பூநாரைகளுக்கான (ஃபிளமிங்கோ) சரணாலயமாகத் தமிழக அரசு 2025 ஜூன் 5 அன்று அறிவித்தது. பறவைகள் வருவது குளிர்காலத்தில்தான். டிசம்பர் கடைசி முதல் மார்ச் வரை, கோதண்டராமர் கோயில் பக்கத்து உப்பங்கழியில் கூட்டமாக நிற்கும். பைனாகுலர் அவசியம், வெறும் கண்ணுக்கு வெள்ளைக் கோடு மாதிரிதான் தெரியும். சேற்றுத் தரையில் வண்டி இறக்குவதும் டிரோன் பறக்கவிடுவதும் கூடாது. பறவை எழுந்து பறக்கும் படம் வேண்டுமென்று கைதட்டுகிறவர்கள் தயவுசெய்து வர வேண்டாம்.

ராமேஸ்வரத்திலிருந்து இலங்கைக்குக் கப்பல் விட்டுவிட்டார்களாமே?
- வாசகர், தூத்துக்குடி

இல்லை. பேச்சு இருக்கிறது, கப்பல் இல்லை. இப்போதைய பயணிகள் கப்பல் நாகப்பட்டினம் - காங்கேசன்துறை வழியில். கடல்நிலையைப் பொறுத்து அதுவும் நிற்கும், எனவே கிளம்புவதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

ராமேஸ்வரம் மூன்று முறை பார்த்தாயிற்று. மாவட்டத்தில் வேறு என்ன?
- வாசகி, மதுரை

நாம் எதிர்பார்த்த கேள்வி. ராமநாதபுரத்தில் ஒரு இரவு தங்குங்கள். அறை வாடகையும் தீவைவிடக் குறைவு. உத்தரகோசமங்கை மங்களநாதர் கோயிலுக்கு 2025 ஏப்ரல் 4-ல் குடமுழுக்கு முடிந்தது. திருப்பணி முடிந்த கோயிலைப் பார்க்க இது நல்ல நேரம். மரகத நடராஜரைச் சந்தனக் காப்பு இல்லாமல் பார்ப்பது மட்டும் மார்கழித் திருவாதிரையை ஒட்டி, ஆண்டுக்கு ஒரு முறைதான். அந்த நாளில் கூட்டம் தாங்காது. திருப்புல்லாணியும் சேதுக்கரையும் ஒரே சாலையில் வரும், ஒரு முற்பகலில் முடிந்துவிடும்.

மாலைக்குச் சக்கரக்கோட்டை கண்மாய். தேர்த்தங்கலுடன் சேர்த்து 2025 தொடக்கத்தில், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. ஊருக்குப் பக்கத்திலேயே இருப்பதால் ஆட்டோவில் போய்வரலாம். ஆனால் மழை பொய்த்த ஆண்டில் கண்மாய் வெறும் கருவேலங்காடுதான், தண்ணீர் இருக்கிறதா என்று வனத்துறையிடம் கேட்டுவிட்டுப் போங்கள்.

தொண்டி சாலையில், தேவிப்பட்டினம் தாண்டி, காரங்காடு. அலையாத்திக் காட்டுக்குள் வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து நடத்தும் படகுச் சவாரி. ஓதம் வற்றிய நேரத்தில் போனால் படகு கால்வாய்க்குள் நுழையாது. முதல் நாளே போன் செய்து நீர்மட்டம் எந்த நேரத்தில் சரியாக இருக்கும் என்று கேட்டு அதற்குப் போங்கள். தேவிப்பட்டினத்தில் கடலுக்குள் நிற்கும் நவபாஷாணம் வழியிலேயே இருக்கிறது.

கடையில் வலம்புரிச் சங்கு என்று விலை சொல்கிறார்கள். எப்படி நம்புவது?
- வாசகர், திருச்சி

பெரும்பாலும் நம்ப வேண்டாம். நம் கடலில் கிடைக்கும் சங்கு இடம்புரி. அதில் லட்சத்தில் ஒன்றாக எதிர்த்திசையில் சுழன்று பிறப்பதுதான் வலம்புரி. அமெரிக்கக் கரையில் கிடைக்கும் வேறு இனச் சங்கு ஒன்று இயல்பாகவே அந்தத் திசையில் சுழலும். அதைத்தான் இறக்குமதி செய்து விற்கிறார்கள். சங்கின் வாய்ப்பகுதியைத் திருப்பி, நடுத்தண்டைப் பாருங்கள். அசல் சங்கில் மூன்று நான்கு வரிமடிப்புகள் தெளிவாக இருக்கும், விரல் நுனியால் தடவினாலே தட்டுப்படும். மற்றதில் தண்டு வழுவழுப்பாக இருக்கும்.

பவளப்பாறைத் துண்டை எந்த வடிவிலும் வாங்காதீர்கள், கரையில் கிடந்ததை எடுத்துப் பையில் போடவும் வேண்டாம். வன உயிரினச் சட்டப்படி குற்றம், பயணிகளையும் பிடிக்கிறார்கள். வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால் பனை ஓலைப் பெட்டியும் கருப்பட்டியும், ராமநாதபுரம் முண்டு மிளகாயும் வாங்குங்கள். மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. உருண்டையாக, தோல் தடித்து, குலுக்கினால் விதை சலசலக்க வேண்டும். சத்தமே வராமல் தோல் வளைந்துகொடுத்தால் ஈரம் போகவில்லை என்று அர்த்தம், வீட்டுக்குப் போவதற்குள் பூஞ்சை பிடிக்கும்.

மதுரையிலிருந்து காரில் எவ்வளவு நேரம்?
- வாசகர், கரூர்

மூன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். பரமக்குடி வரை நான்கு வழிச் சாலை, வேகமாக வந்துவிடலாம். அதன் பின் ராமநாதபுரம் வரையிலான 46.7 கிலோமீட்டரை நான்கு வழியாக்க 2025 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. வேலை முடியும் வரை இரு வழிச் சாலைதான், லாரிக்குப் பின்னால்தான் போக வேண்டியிருக்கும். கோயிலைச் சுற்றியுள்ள ரத வீதிகளில் கார் நிறுத்த முடியாது. ஊருக்கு வெளியே நிறுத்துமிடத்தில் விட்டுவிட்டு ஆட்டோவில் போவதே நிம்மதி. லாட்ஜ் பதிவு செய்யும்போது 'பார்க்கிங் உண்டா' என்று கேட்காமல், 'கார் லாட்ஜ் வாசல் வரை வருமா' என்று கேளுங்கள்.