எம்ஜிபி (பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்): புது புஷ் போட்டும் முன்பக்கம் தூக்கி நிக்குது, கிறீச் சத்தம்

முன் சஸ்பென்ஷன்ல புது புஷ் (ஜாயிண்ட்ல வர்ற ரப்பர் உறை) மாத்தின பிறகு முன்பக்கம் தூக்கி நிக்குது, கிறீச் சத்தமும் வருதுன்னு கேட்டிருக்கீங்க. வண்டி ஜாக்கில தொங்கும்போதே புஷ்ஷைப் பிடிக்கிற நட்டை ஃபுல்லா டைட் பண்ணியிருப்பீங்க, அதான் தூக்கி நிக்குது. நீங்க போட்டது வி8 டைப் புஷ்னு சொல்றீங்க, அது உள்ள இரும்புக் குழாயோட ஒட்டின ரப்பர், சுத்தாது, முறுக்கிக்கத்தான் செய்யும், தொங்குற நிலையில லாக் பண்ணா வண்டி கீழ இறங்கினதும் ரப்பர் எப்பவும் முறுக்குலயே இருந்து சீக்கிரம் கிழிஞ்சிடும். நானும் இப்படி ஒரு செட் காலி பண்ணவன்தான்.

செக் பண்ண:

1. சக்கரத்துக்குக் கட்டை வச்சு, வண்டி முழு வெயிட்டோட தரையிலயே நிக்கட்டும். கீழ் விஷ்போன் (சக்கரத்தை வண்டியோட இணைக்கிற கீழ் கை) உள்பக்க நட்டோட ஸ்பிளிட் பின்னை (நட்டு கழண்டுடாம தடுக்கிற வளைச்ச கம்பி) எடுத்துட்டு நட்டை ரெண்டு சுத்து லூஸ் பண்ணுங்க.
2. வெளிய வந்து முன்பக்கத்தை நாலஞ்சு தடவை நல்லா அமுக்கி விடுங்க. உயரம் இறங்குச்சுன்னா காரணம் அதேதான், அப்படியே டைட் பண்ணி புது ஸ்பிளிட் பின் போடுங்க, பழசு வேண்டாம்.

கிழிஞ்ச புஷ்ஷுக்கு இது வேலைக்கு ஆகாது, மாத்தணும். அப்போ கிரீஸ் தடவாதீங்க, ரப்பர் ஊறிடும், சோப்புத் தண்ணி போதும். ஸ்பிரிங் பேனை (ஸ்பிரிங் உக்கார்ற தட்டு) கழட்டுறதா இருந்தா ஸ்பிரிங்கை கண்ட்ரோல்ல வச்சு மெதுவா இறக்குங்க, எகிறினா கை போயிடும்.